ஏழாம் முடக்கின் முதல் ரசிகர்

பசறையில் பஸ் நிற்கிற இடத்திலிருந்து மேலே ஏறும் சந்தில் மூன்றாவது கட்டடம் முன்ஸிப்பின் மில். காய்ந்த மிளகாய், மல்லி, பச்சரிசி, வறுத்த கோப்பிக்கொட்டை என்று யார் எதைக் கொண்டுவந்தாலும் அரைத்துக் கொடுப்பார். வாப்பா அலவி மௌத்தாகி மில் இவர் கைக்கு வந்த வருஷம், பதினெட்டு வயதில், அந்த மெஷின்களுக்கு நடுவில் போய் நின்றவர். இப்போது நாற்பத்திரண்டு. வெள்ளிக்கிழமை ஜும்மா நேரத்தையும் இரண்டு பெருநாளையும் கழித்துவிட்டால் இந்த இருபத்துநாலு வருஷத்தில் அவர் சும்மா இருந்த பகல்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

மூன்று மெஷினும் ஒன்றாக ஓடும்போது பக்கத்துப் புடைவைக் கடைக்காரர் இழுப்புக் கதவைப் பாதி இறக்கிவிடுவார். அந்தச் சத்தத்துக்குள் நிற்கிற மனிதருக்குப் பாட்டு ஆசை வந்ததுதான் வேடிக்கை. ஆரம்பத்தில் வானொலி ஒன்றை மேசையில் வைத்துப் பார்த்தார். சினிமாப் பாட்டு எதுவும் மோட்டாருக்கு மேலே எழும்பவில்லை. இரண்டு மாதத்தில் வானொலிக்குள் மிளகாய்த்தூள் போய் அதுவும் நின்றுவிட்டது.

2011இல் ஒரு நாள் பதுளையில் ஒரு மண்டபத்துக்கு அரிசிமா கொண்டுபோனார். ஏதோ டியூஷன் வகுப்பின் ஆண்டு விழா. பின்பக்கச் சமையற்கட்டுக்கு மூட்டையைத் தோளில் சுமந்துகொண்டு போனவரை முன்பக்கத்திலிருந்து வந்த சத்தம் நிறுத்தியது. நெஞ்சுக்குள் யாரோ மோட்டார் பூட்டியது போல இருந்ததாம். எட்டிப் பார்த்தார். மேடையில் நாலு இளைஞர்கள். ஒருவன் கிட்டாரைப் போட்டுக் கிழித்துக்கொண்டு தொண்டை நரம்பு புடைக்கப் பாடுகிறான். பின்னால் ஒருவன் ட்ரம்ஸை அடிக்கவில்லை, பழி தீர்க்கிறான். பாட்டு மண்சரிவைப் பற்றியது. பிள்ளைகளைக் கூட்டிவந்த பெற்றோர் காதைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். முன்ஸிப் மூட்டையை இறக்காமலே இரண்டு பாட்டுக் கேட்டார்.

அந்தக் குழுவுக்குப் பெயர் ‘ஏழாம் முடக்கு’. முதல் ஒத்திகை முடிந்து வரும்போது அவர்களுடைய வாடகை வேன் பசறை மலை வீதியின் ஏழாவது முடக்கு வளைவில் படுத்துவிட்டதால் வந்த பெயர். பாடுகிறவன் ரஜீவ், பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுப் பிள்ளை. ட்ரம்ஸ் அடிக்கிறவன் பதுளை ஹுமைத். முன்ஸிப் மேடைக்குப் பின்னால் போய், மாவு ஒட்டிய கையை நீட்டி, “அடுத்த நிகழ்ச்சிக்கு என் வேன் இருக்கு, வாடகை தேவல்ல” என்றார். தாங்கள் கேட்காமல் தங்களைத் தேடி வந்த முதல் மனிதர் அவர்தான் என்று ரஜீவ் பிற்பாடு எல்லா மேடையிலும் சொல்வான்.

அதற்குப் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அந்த வேன் மட்டக்களப்பு, யாழ்ப்பாணம், கொழும்பு என்று ட்ரம்ஸையும் பெட்டி பெட்டியான ஸ்பீக்கர்களையும் சுமந்தது. மூன்று பாட்டு இறுவட்டு வெளிவந்தன. மூன்றும் மில்லுக்குள் பெரிய ஸ்பீக்கரில் முழங்கின. மெஷினுக்கு மேலால் கேட்கிற பாட்டு இலங்கையில் இவர்களிடம் மட்டும்தான் இருக்கிறது என்று முன்ஸிப் வாடிக்கையாளர்களிடம் சொல்வார். குழுவுக்கென்று ஒரு முகநூல் பக்கம் திறந்து அதில் இரண்டாயிரத்துச் சொச்சம் பேரைச் சேர்த்ததும் அவர்தான். பள்ளிவாசலில் ஒன்றிரண்டு பேர் முகம் சுளித்தார்கள். வீட்டில் மனைவி ஷிஹானாவின் கருத்து வேறு மாதிரி. “மில்லுச் சத்தத்தையே பதிஞ்சி போட்டாலும் இப்படித்தான் இருக்கும்” என்பாள். முன்ஸிப் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்வார்.

பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்ற அந்த 2022இல் ஹுமைத் தோஹாவுக்கு வேலைக்குப் போய்விட்டான். பேஸ் கிட்டார்காரனும் கொழும்போடு தங்கிவிட்டான். ரஜீவ் பதுளையில் ஒரு அச்சுக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். குழு முடிந்ததென்றே எல்லோரும் நினைத்தார்கள். முன்ஸிப் மட்டும் முகநூல் பக்கத்தை மூடவில்லை. கிழமைக்கு ஒரு பழைய பாட்டைப் போட்டுக்கொண்டே இருந்தார்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு அறிவிப்பு வந்தது. ஏழாம் முடக்கு திரும்புகிறது. ரஜீவ்தான் பாட்டு, கூட விதுஷா என்று புதிதாக ஒருத்தி, பதுளையில் சங்கீத ஆசிரியை. சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்கு முதல் பாட்டு இணையத்தில் வெளியாகும்.

அன்றைக்கு முன்ஸிப் நாலரைக்கே மில்லைப் பூட்டினார். சந்துக்குள் நின்ற வேனில் ஏறி, கண்ணாடிகளை ஏற்றி, போனை வேனின் ஸ்பீக்கரோடு இணைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

திரையில் பனி மூடிய தோட்டத்துப் பாதை. ரஜீவ் ஒரு கதிரையில் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்ததே முன்ஸிப்புக்கு முதல் அதிர்ச்சி. மடியில் மின்சாரம் இல்லாத வெறும் மரக் கிட்டார். பக்கத்தில் அந்தப் பெண், தோளில் வயலினைச் சாய்த்து, கண்ணை மூடிக்கொண்டு வில்லை மேலும் கீழும் இழுக்கிறாள். சத்தம் இல்லை. முன்ஸிப் வயரைக் கழற்றி மாட்டினார். சத்தத்தைக் கூட்டினார். ஒரு நிமிஷம் தாண்டி, அடுத்த அறையிலிருந்து யாரோ பேசுவது மாதிரி ரஜீவின் குரல் வந்தது. கிட்டார்ப் பெட்டியில் விரல் தட்டுகிற மொத்தென்ற ஓசை இடைக்கிடை கேட்டது. பிறகு முடிந்துவிட்டது.

மூன்று தரம் போட்டுப் பார்த்தார். மூன்று தரமும் அதேதான். வேனுக்குள் இருந்தபடியே குழுவின் பக்கத்தில் எழுதினார்:

“ஒரு நிமிஷமும் எட்டு செக்கனும் பாட்டில் ஒண்ணுமே இல்லை. வெறும் படம். அதுக்குப் பிறகு ரஜீவ் காய்ச்சல்காரன் மாதிரி முணுமுணுக்கிறான். வயலின் பிடிச்சிருக்கிற டீச்சர் வாசிக்கிற மாதிரி நடிக்கிறார். கையில் வயலின் இருக்கு, பாட்டில் வயலின் இல்லை. பதிமூணு வருஷம் இந்தக் குழுவைத் தூக்கிச் சுமந்த ரசிகர்களுக்கு இது செருப்படி. ஹுமைத் இருந்திருந்தால் இப்படி நடக்குமா?”

மறுநாள் காலைக்குள் நானூறுக்கு மேல் பதில்கள். பழைய ரசிகர்கள் பலர் “சரியாச் சொன்னீங்க நானா” என்று கூடச் சேர்ந்தார்கள். ட்ரம்ஸ் எங்கே என்று கேட்டார்கள். டீச்சரைப் பற்றி முன்ஸிப் எழுதியதைவிட மோசமாக எழுதினார்கள். வேறு சிலர், “அந்த முதல் நிமிஷம்தானே பாட்டிலேயே நல்ல இடம்” என்றார்கள். தன்னை நையாண்டி பண்ணுகிறார்கள் என்று நினைத்தார் முன்ஸிப். பண்டாரவளை ஸப்வான் முதல் இறுவட்டுக் காலத்திலிருந்து கூடவே வருகிறவர். அவர், “நானா, உங்கட ஸ்பீக்கர்ல ஏதும் பிழையா இருக்குமோ?” என்று கேட்டிருந்தார். முன்ஸிப் ஸப்வானைப் பக்கத்திலிருந்தே நீக்கிவிட்டார்.

பகல் சாப்பாட்டு நேரம் ஷிஹானா கேட்டாள். “அந்தப் புள்ளயப் பத்தி ஏன் அப்படி எழுதினீங்க?”

“உள்ளதத்தானே எழுதினேன்.”

“பாட்டு நல்லாத்தானே இருக்கு!”

“ஒனக்கு எந்த நாள் அவங்கட பாட்டு புடிச்சது? இப்ப நாசமாப் போனதும் நல்லா இருக்காம்.”

மகள் றிப்னா தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் ரஜீவ் மில்லுக்கு வந்தான். பெரிய மெஷினின் பெல்ட் அறுந்து, மூன்றையும் நிறுத்திவிட்டு முன்ஸிப் புதுப் பெல்ட் போட்டுக்கொண்டிருந்த நேரம். வாங்கில் உட்கார்ந்து கருப்பம்மா மிளகாய்ப் பையோடு காத்திருந்தாள். ரஜீவின் லயத்துக்குப் பக்கத்து லயம். மாதம் ஒருதரம் நாலைந்து வீட்டு மிளகாயைச் சேர்த்துக்கொண்டு வருகிறவள்.

ரஜீவ் உட்காரவில்லை. “நானா, என்னையப் பத்தி என்ன வேணும்னாலும் எழுதுங்க. அந்தப் புள்ள நடிக்குதுன்னு ஏன் எழுதுனீங்க? ரெண்டு நாளா ஸ்கூலுக்குப் போகல அது. பிள்ளைங்க எல்லாம் போன்ல பாத்துட்டாங்கன்னு வெக்கப்பட்டுக்கிட்டு வீட்டுல இருக்கு.”

முன்ஸிப் பெல்ட்டை விடாமல் சொன்னார்: “வாசிச்சிருந்தா நான் ஏன் எழுதப் போறேன்?”

“மூணு மாசம் வாசிச்சிருக்கு நானா.”

“அப்ப அது பாட்டில எங்க?”

ரஜீவ் போனை எடுத்துப் பாட்டைப் போட்டு, மாவு படிந்த மேசையில் வைத்தான். சத்தத்தை முழுதாகக் கூட்டினான். முன்ஸிப் கையைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து நின்றார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

“போடு பாப்பம்.”

ரஜீவ் அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு வாங்குப் பக்கம் திரும்பினான். “அக்கா, ஒங்களுக்குக் கேக்குதா?”

“ஏன் கேக்காம?” என்றாள் கருப்பம்மா. “பிடில்தானே? எழவு வீட்டுல ஒப்பாரி வைக்கிற மாதிரி இழுக்குது. நல்லாத்தான் இருக்கு.”

முன்ஸிப் சிரித்தார். இரண்டு பேரும் பேசிவைத்துக்கொண்டு செய்கிறார்கள் என்று நினைத்தார். கருப்பம்மா சிரிக்கவில்லை. “தம்பி, மொதலாளிக்குக் காது மந்தம்தானே. ஒனக்குத் தெரியாதா? அதுக்குத்தானே நாங்க எல்லாம் வந்தா இப்படிக் கத்திக் கத்திப் பேசுறோம்.”

“நீங்க மில்லுச் சத்தத்துக்குத்தானே கத்துறீங்க?” என்றார் முன்ஸிப்.

“மில்லு இப்ப நிக்குதுங்களே, மொதலாளி.”

நின்றுதான் இருந்தது. அரை மணி நேரமாக நிற்கிறது. அவள் வந்ததிலிருந்து கத்தித்தான் பேசிக்கொண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. போனை எடுத்து வலது காதோடு ஒட்டி வைத்தார். மிகத் தூரத்தில் நுளம்பு பறக்கிற மாதிரி ஏதோ ஒரு கோடு. இடது காதுக்கு மாற்றினார். அங்கே அதுவும் இல்லை.

“நானா, கொஞ்சம் உக்காருங்க” என்றான் ரஜீவ்.

முன்ஸிப் உட்காரவில்லை. போனை அவன் கையில் கொடுத்தார். பெல்ட்டைப் பூட்டி, மோட்டாரைப் போட்டு, கருப்பம்மாவின் மிளகாயை அரைக்கத் தொடங்கினார். அரைத்து முடிகிறவரை ரஜீவ் நின்றுவிட்டுப் போனான்.

அன்று மஹ்ரிப் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்ததும் ஷிஹானாவிடம் கேட்டார். “எனக்குக் காது கேக்கிற இல்லண்டு ஒனக்குத் தெரியுமா?”

“ஏழெட்டு வருஷமாத் தெரியும்.”

“அப்ப ஏன் சொல்லல்ல?”

“சொன்னேன். ஒங்களுக்குக் கேக்கல்ல.”

சொல்லிவிட்டு அவளே கொஞ்சம் சிரித்தாள். பிறகு அடுப்பை அணைத்துவிட்டு எதிரே வந்து உட்கார்ந்து, அத்தனை வருஷத்தையும் அவருக்குக் கேட்கும்படி ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவருக்குக் கேட்கவேண்டுமென்று எந்நேரமும் குரலை உயர்த்திப் பேசுவதால் பக்கத்து வீட்டில் இவள் புருஷனோடு ஓயாமல் சண்டை பிடிக்கிறவள் என்று பேர். றிப்னா கூட்டாளிப் பிள்ளைகளை வீட்டுக்குக் கூப்பிடுவதில்லை. ரகசியமாக ஒரு சொல் பேசவேண்டுமென்றாலும் முடியாது. ஊர் கேட்கிற சத்தத்தில் என்ன ரகசியம்? ஏதாவது கதைத்தால் தலையை ஆட்டுவீர்கள், கேட்டதா இல்லையா என்று எனக்கே தெரியாது என்றாள். இரண்டு தரம் ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று சொல்லியிருக்கிறாள். “மில்லால வந்து ஒரு மணித்தியாலம் போனாச் சரியாகும்” என்று அவர்தான் தட்டிக்கழித்தார்.

அடுத்த வியாழக்கிழமை மில்லைத் திறக்காமல் இரண்டு பேரும் பதுளைக்குப் போனார்கள்.

காது, மூக்கு, தொண்டைக் கிளினிக்கில் அவரை ஒரு சின்ன அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். காதில் பெரிய ஹெட்போன். சத்தம் கேட்கிறபோதெல்லாம் பொத்தானை அழுத்தவேண்டும். தடித்த சத்தங்களுக்கு அவர் உடனே அழுத்தினார். பிறகு ஒரே அமைதி. சோதனை முடிந்துவிட்டது போல என்று எண்ணிக்கொண்டு கண்ணாடி வழியே பார்த்தார். வெளியே சோதனை செய்கிற பெண் குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற ஷிஹானாவின் முகத்தைப் பார்த்தபோதுதான் சத்தங்கள் வந்துகொண்டிருக்கின்றன என்று புரிந்தது. பொத்தானை விட்டுக் கையை எடுத்தார்.

டொக்டர் ஒரு தாளைக் காட்டினார். கோடு நேராக வந்து, நடுவில் மலையிலிருந்து விழுகிறது மாதிரிக் கீழே இறங்கியது. தடித்த ஓசைகள் பரவாயில்லை, மெல்லிய உச்ச ஓசைகள் போய்விட்டன என்று சிங்களத்தில் விளக்கினார். என்ன வேலை, எத்தனை வருஷம் என்று கேட்டார். சொன்னதும் வேறு கேள்வி கேட்கவில்லை. போனது திரும்பாது, கருவி வைத்தால் மீதியை வைத்துச் சமாளிக்கலாம், இனிமேல் மில்லுக்குள் காது மூடி இல்லாமல் நிற்கக்கூடாது.

வெளியே வந்ததும் முன்ஸிப் கேட்டது ஒன்றுதான். “வயலின் உச்ச ஓசையா?”

“அப்படித்தான் நெனைக்கிறேன்” என்றாள் ஷிஹானா.

நேரே விதுஷா படிப்பிக்கிற பாடசாலைக்குப் போனார்கள். பாடசாலை விடுகிற நேரம். அவள் அன்றைக்குத்தான் திரும்ப வேலைக்கு வந்திருந்தாள். வாசலில் அவரைக் கண்டதும் நின்றாள். தான் யாரென்று முன்ஸிப் சொல்லவே தேவைப்படவில்லை. முகநூல் பக்கத்தில் அவருடைய படம் இருந்தது. அவர் அந்தத் தாளை நீட்டினார்.

“டீச்சர், நான் எழுதினது பிழை. எனக்குக் கேக்கல்ல. கேக்கல்லண்டு எனக்கே தெரியாது. எல்லாருக்கும் முன்னால எழுதினேன், எல்லாருக்கும் முன்னால திருத்தி எழுதுறேன்.”

விதுஷா தாளைப் பார்த்தாள். “சத்தமாப் பேசட்டுமா?” என்று கேட்டாள்.

“பேசுங்க.”

“நீங்க காது கேக்காம எழுதுனதுக்கு எனக்குக் கோபம் இல்லைங்க. கேக்கல்லன்னா ஒரு ஆளுகிட்ட விசாரிச்சிருக்கலாம். ஆம்பள நீங்க எழுதுனதும் நானூறு பேரு நான் நடிக்கிறேன்னு நம்பிட்டாங்க. அவங்க எல்லாருக்கும் காது நல்லாத்தானே கேக்குது?”

ஷிஹானாதான், “சரியாத்தான் கேக்கிறீங்க டீச்சர்” என்றாள். விதுஷா தாளைத் திருப்பிக் கொடுத்தாள். “கருவி வந்ததும் பாட்டக் கேளுங்க. கேட்டுட்டுப் புடிக்கல்லன்னா அதையும் எழுதுங்க. அதுக்கு நான் அழமாட்டேன்.”

வீடு வந்ததும் முன்ஸிப் பழைய பதிவை அழிக்காமல் அதற்குக் கீழேயே நடந்ததை நடந்தபடி எழுதினார். ஆஸ்பத்திரித் தாளைப் படமெடுத்துப் போட்டார். ஸப்வானைத் திரும்பச் சேர்த்து, “ஸ்பீக்கர்ல பிழை இல்லை, ஆள்லதான் பிழை” என்று தனியாக ஒரு செய்தி அனுப்பினார். நானூறு பேரில் பத்துப் பதினைந்து பேர் டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டார்கள். மற்றவர்கள் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

எதிர்பாராத ஒன்று அடுத்த வெள்ளிக்கிழமை நடந்தது. தோஹாவிலிருந்து ஹுமைத் எழுதியிருந்தான். நீளமான செய்தி. ‘முன்ஸிப் நானா, எனக்கும் இடது காதில் மூன்று வருஷமாக ஓயாத இரைச்சல். படுத்தால் நித்திரை வராது. ஊரில் இருந்தபோதே ஒரு டொக்டர் ட்ரம்ஸை விடச் சொன்னார். வேலைக்காகத்தான் போகிறேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். ரஜீவிடம்கூடச் சொல்லவில்லை, வெட்கமாக இருந்தது. நான் இருந்திருந்தால் இப்படி நடக்குமா என்று நீங்கள் எழுதியதைப் பார்த்து இரண்டு நாள் வேலை ஓடவில்லை. நான் இருந்திருந்தாலும் இனி அடித்திருக்க மாட்டேன்.’

முன்ஸிப் அதை ரஜீவிடம் காட்டலாமா என்று ஹுமைத்தைக் கேட்டு, அவன் சரி என்றதும் காட்டினார். அச்சுக்கடை வாசலில் நின்று ரஜீவ் அதை இரண்டு தரம் வாசித்தான்.

“இவன் விட்டுட்டுப் போனான்னு ரெண்டு வருஷமா நான் இவனோட பேசல நானா” என்றான். “ட்ரம்ஸுக்கு வேற ஆளப் போட மனசு வரல. அதுதான் ட்ரம்ஸே இல்லாமப் பாட்டுப் போட்டேன். ஸ்டைல மாத்தணும்னு மாத்தல.”

அன்றைக்கே அங்கிருந்தே அவன் தோஹாவுக்கு அழைப்பு எடுத்தான். முன்ஸிப் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றுகொண்டார். தள்ளி நிற்கத் தேவையே இல்லை. அவருக்கு ஒரு சொல்லும் கேட்டிருக்காது.

கருவிகள் கொழும்பிலிருந்து வர ஏழு கிழமை, கிட்டத்தட்ட இரண்டு மாதம், பிடித்தது. இரண்டு காதுக்கும் இரண்டு, வண்டுக் குஞ்சு மாதிரி. அவற்றை மாட்டிக்கொண்டு கிளினிக்கிலிருந்து வெளியே வந்தவருக்குத் தன் செருப்பே தன்னைத் துரத்துகிற மாதிரி இருந்தது. பஸ்ஸில் யாரோ பொலித்தீன் பையைக் கசக்கினான்; அடிக்கவேண்டும் போல வந்தது. வீட்டில் ஃபிரிட்ஜ் முனகியது. குழாய் சொட்டியது. ஷிஹானா வழக்கம் போலக் கத்தி, “தேத்தண்ணி ஊத்தவா?” என்று கேட்டாள்.

“ஏன் கத்துற?” என்றார் முன்ஸிப், காதைப் பொத்திக்கொண்டு.

அவள் வாயைத் திறந்தபடி நின்றுவிட்டாள். பிறகு, சாதாரணமாகப் பேசினால் எப்படியிருக்கும் என்று அவளுக்கே மறந்துபோனது மாதிரி, மிக மெதுவாக, “தேத்தண்ணி ஊத்தவா?” என்று திரும்பக் கேட்டாள். அவளுடைய குரல் இவ்வளவு மெல்லியதா என்று அவர் நினைத்தார். கலியாணம் முடித்த காலத்தில் அப்படித்தான் இருந்தது. அந்தக் கிழமை முழுக்க அவர்கள் ஒன்றுமில்லாத விஷயங்களை எல்லாம் பேசினார்கள். றிப்னா ஒரு கூட்டாளியைக் கூட்டிவந்தாள்.

நாலு நாள் கழித்துத்தான் பாட்டுக் கேட்கத் துணிந்தார். முதலில் பழையவை. முதல் இறுவட்டின் முதல் பாட்டைப் போட்டதும் முகம் சுருங்கியது. ட்ரம்ஸின் மேலே தொங்குகிற அந்தப் பித்தளைத் தட்டுகள் தகரக் கூரையில் கல்லெறிகிறது மாதிரிச் சிதறின. இவை எப்போதும் இருந்தனவா? ரஜீவின் குரல் உச்சத்துக்குப் போகிற இடங்களில் சுதி விலகியது. பத்து வருஷமாகத் தான் ஊர் ஊராகச் சுமந்து திரிந்தது இந்தச் சத்தத்தையா என்று யோசித்தார். கருவியைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போட்டார். பழைய பாட்டு பழையபடி நெஞ்சில் இடித்தது. ஆனால் இன்ன இடத்தில் இன்னது இருக்கிறது என்று தெரிந்துவிட்ட பிறகு அது இல்லாமல் கேட்பது பொய்யாகப் பட்டது. கொஞ்சத்தில் நிறுத்திவிட்டார்.

இதற்குள் புதிய பாட்டுகள் ஒன்பதும் வெளிவந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமை காலை வேனில் உட்கார்ந்து ஒன்பதையும் ஒரே இருப்பில் கேட்டார். முதல் பாட்டின் அந்த ஒரு நிமிஷத்தில் வயலின் இருந்தது. தாழ இருந்து மெல்ல ஏறி, மேலே ஒரு இடத்தில் நின்று நடுங்கி, இறங்கி வந்தது. கருப்பம்மா சொன்னது சரிதான், ஒப்பாரி மாதிரி. கடைசிவரை கேட்டார். ஷிஹானா வீட்டு வாசலுக்கு வந்து வேனைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

அன்றைக்கு அவர் எழுதியது இது:

“இன்றைக்குத்தான் ஒழுங்காகக் கேட்டேன். விதுஷா டீச்சர் வாசிக்கிறார். நன்றாகவே வாசிக்கிறார். முதல் பாட்டும் ஏழாவது பாட்டும் எனக்குப் பிடித்தது. ஏழாவதில் தோட்டத்துப் பெரட்டுக்களத்தில் காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற இடம் மயிர்க்கூச்செறிகிறது. மற்ற ஏழும் பிடிக்கவில்லை. எல்லாம் ஒரே வேகம். ரஜீவ் கோபப்படுகிற ஆள். இதில் எல்லாவற்றையும் மன்னித்துவிட்ட ஆள் மாதிரிப் பாடுகிறான். அவ்வளவு சீக்கிரம் ஏன் மன்னித்தான் என்று எனக்குப் புரியவில்லை. என் மனைவிக்கு ஒன்பதும் பிடிக்கும். ஆகவே என் சொல்லை மட்டும் வைத்து முடிவு பண்ணவேண்டாம்.”

முதலில் அதற்கு விருப்பக்குறி போட்டது விதுஷா. ரஜீவ் சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டுவிட்டு, தனியாக, “நாலாவது பாட்டுமா நானா?” என்று கேட்டிருந்தான். “நாலாவதுதான் மோசம்” என்று பதில் அனுப்பினார் முன்ஸிப்.

இப்போது மில்லுக்குள் அவர் மஞ்சள் நிறக் காது மூடி போட்டுக்கொண்டுதான் நிற்கிறார். உள்ளே வருகிறவர்களுக்குக் கொடுக்கவும் நாலைந்து கொளுவியில் தொங்குகின்றன. மில்லில் பாட்டுப் போடுவதை நிறுத்திவிட்டார். பக்கத்தைப் பார்த்துக்கொள்கிற பொறுப்பில் பாதியை ஸப்வானிடம் கொடுத்திருக்கிறார். பழைய ரசிகர்களில் முன்னூறு பேரளவில் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்களில் முக்கால்வாசி பெண்கள்.

கடந்த மாதம் அப்புத்தளையில் ஒரு மண்டபத்தில் பகல் நிகழ்ச்சி. வழக்கம் போல முன்ஸிப்பின் வேன்தான். ஏற்றுவதற்கு இரண்டு கிட்டாரும் ஒரு வயலினும் சின்ன ஸ்பீக்கர் இரண்டும் மட்டும். பின் இருக்கைகள் எல்லாம் சும்மா கிடந்ததால் ஷிஹானாவும் றிப்னாவும் ஏறிக்கொண்டார்கள். இத்தனை வருஷத்தில் அவர்கள் வந்த முதல் நிகழ்ச்சி அது. தோஹாவில் இருக்கிற ஹுமைத்துக்கு ரஜீவ் போனில் நேரடியாகக் காட்டினான்.

திரும்பி வரும்போது பனி இறங்கியிருந்தது. முன்ஸிப் விளக்கைப் போட்டு மெதுவாக ஓட்டினார்.

“எப்படி நானா?” என்று பின்னாலிருந்து கேட்டான் ரஜீவ்.

“ரெண்டாவது பாட்டு இழுக்குது. பாதியா வெட்டு.”

“வெட்ட வேணாம்” என்றாள் ஷிஹானா. “அதுதான் நல்ல பாட்டு.”

“ஒனக்கு எல்லாம் நல்ல பாட்டு.”

“ஒங்களுக்கு எல்லாத்துலயும் குறை.”

விதுஷா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். ரஜீவ் கிட்டார்ப் பையை மடியில் வைத்துக்கொண்டு, வெட்டினால் எந்த இடத்தில் வெட்டலாம் என்று மெல்லப் பாடிப் பார்க்கத் தொடங்கினான். “அங்க இல்ல, அதுக்கு முன்னால” என்றார் முன்ஸிப், பாதையிலிருந்து கண்ணை எடுக்காமல். பண்டாரவளை வருகிறவரை அந்தப் பாட்டைப் பற்றித்தான் ஐந்து பேரும் பேசிக்கொண்டு வந்தார்கள்.